மூன்றாம் ஓலைக்கு முந்தின வாரம்

இறையியல் கல்லூரியில் அறநெறிப் பாடம் நடத்தும்போது உங்களுக்கும் அந்தப் படகைக் காட்டியிருப்பார்கள். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது, படகில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம் இருக்கிறது, யாரை ஏற்றுவீர்? நாங்களும் மாய்ந்து மாய்ந்து விடை எழுதினோம். அதற்குப் பிறகு தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர்களிலேயே ஐயராக, அதாவது சபைப் போதகராக, இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஒரு நாள்கூட என் முன்னால் கப்பல் மூழ்கவில்லை. என்னைத் தேடி வந்த சங்கடங்களெல்லாம் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில் வந்தவை. "ஐயா, பக்கத்து வீட்டுல கோயில் கொடைக்குப் பொங்கல் குடுத்துவிட்டிருக்காவ. திங்கவா, திருப்பிக் குடுக்கவா?" "ஐயா, மாமியாருக்குப் புத்துநோய். என்ன வியாதின்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. சொல்லவா, வேண்டாமா?"

புதிதாக அங்கி போட்டிருக்கிற தம்பிமாரும் தங்கைமாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வசனத்தை எடுத்து நீட்டி அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு வசனம் வாயைத் திற என்னும், இன்னொன்று வாயை மூடு என்னும். இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. எனக்குக் கைகொடுத்தது என் துருவுகிற புத்திதான். "ஐயர் வேலை கெடைக்காட்டா நீங்க போலீஸ்ல சேந்திருக்கலாம்" என்பாள் என் மனைவி. அவள் பரிகாசமாகச் சொன்னாலும் அதில் உண்மை உண்டு. எதைக் கேட்டாலும் எனக்கு இன்னொரு கேள்வி முளைக்கும். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்காமல் தூக்கம் வராது.

ஒரு வாரத்துக் கதையைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர்கள் மட்டும் நான் வைத்தவை.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம், சில சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்தில் ஐயராக இருந்தேன். அங்கே பியூலா என்று ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா வாழையும் நெல்லும் போடுகிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான், எனக்கும்கூட. சபையில் அவர் குரலுக்கு ஒரு கனம் உண்டு. பியூலாவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை சாம். சென்னையில் வேலை. அவன் அம்மா, மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்த ஒரு தலைமையாசிரியை. கணவர் இல்லை. ஒரே பிள்ளை. அமைதியான மனுஷி, கோயிலுக்குத் தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்.

நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிற முறை உங்களுக்குத் தெரியும். இப்போது அது காகிதம்தான், பெயர்தான் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இவர்கள் சேரக்கூடாதபடி ஏதாவது தடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையைப் பார்த்துக் கேட்கிறோம். யாரும் எதுவும் சொல்வதில்லை. நாமும் அடுத்த பாட்டு எண்ணைச் சொல்லிவிடுகிறோம்.

பியூலாவுக்கும் சாமுக்கும் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு. ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டீச்சர், அதாவது சாமின் அம்மா, உள்ளே வந்து கதவோரம் நின்றார்.

"ஒரு ஜெபக் குறிப்பு ஐயா" என்றார்.

இந்த வார்த்தையைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். நம் ஜனங்கள் சொல்லமுடியாததை எல்லாம் ஜெபக் குறிப்பாகத்தான் சொல்வார்கள்.

"யார்ட்டயும் சொல்லிரமாட்டியள்லா?"

"சொல்லமாட்டேம்மா. சொல்லுங்க."

"சாமுக்கு வலிப்பு உண்டு ஐயா. காலேஜ்ல படிக்கும்போது வந்துச்சு. மாத்திரை போடுதான். இப்ப ரொம்ப நாளா வரல. பொண்ணு வீட்டுக்குத் தெரியாது." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டார். "தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு நீங்க கேட்டிய பாருங்க, எம் மூஞ்சியப் பாத்துக் கேட்டாப்புல இருந்துச்சு. நெஞ்சு அடச்சுப்போச்சு. நீங்க ஜெபிச்சுக்கிடுங்க. ஆண்டவருக்கு அடுத்தாப்புல உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் பாரம் இறங்கிப் போய்விட்டார். அது முழுக்க என் தலையில் இருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு, எல்லாம் தெரிந்த நானே சபைக்கு முன்னால் நின்று, உங்களில் யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்க வேண்டும். கீழே பியூலாவின் அப்பா உட்கார்ந்திருப்பார்.

முதலில் எனக்கு ஒரு சந்தேகம். வலிப்பு கல்யாணத்துக்குத் தடையா? பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்குப் போன் போட்டேன். பெயர், ஊர் எதுவும் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம், என்ன வேணும்னாலும் செய்யலாம் ஐயா. மாத்திரையை விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது." பிறகு ஒன்று சேர்த்துச் சொன்னார். "கூட இருக்கவங்களுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். தெரியாதவங்கதான் பதறிப்போய் வாயில கரண்டியத் திணிப்பாங்க."

ஆக, வியாதி தடை இல்லை. மறைத்ததுதான் தடை. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு வழி ஒன்றும் தெரியவில்லை. சொன்னால் அந்தத் தாய்க்குத் துரோகம், சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு. இதைத்தான் இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வீட்டில் கல்யாண ஜெபம். பந்தல்காரனோடு பேச்சு, ஆட்டுக்கறிக்குச் சொல்லியாயிற்றா என்று விசாரிப்பு, வீடு நிறையச் சொந்தக்காரர்கள். "ஐயா, நீங்க ஜெபம் பண்ணிட்டா சாப்பிட உக்காரலாம்" என்றார் அண்ணாச்சி.

நம் தொழிலில் ஒரு திருட்டு வழி உண்டு. நேரே சொல்லத் தைரியம் இல்லாததை ஜெபத்தில் சொல்லிவிடுவது. கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே இந்தக் குடும்பத்தில் இருக்கிற குடிப்பழக்கத்தை மாற்றும் என்று ஆரம்பித்தால், ஆண்டவருக்கு அது புதுச் செய்தி இல்லை, பக்கத்தில் நிற்கிற மச்சானுக்குத்தான் புதுச் செய்தி. யாரும் குறையும் சொல்ல முடியாது. ஐயர் ஜெபம்தானே பண்ணினார்! இதைச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்ப்பீர்கள். அன்றைக்கு அந்த வழி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாக்கையும் மீறவில்லை, உண்மையையும் மறைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம்.

"கர்த்தாவே, மணமகனாகிய சாமுடைய சரீர..." என்று தொடங்கினேன்.

அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பையன் இல்லாத இடத்தில், அவன் வியாதியைப் பந்திக்கு முன்னால் பரிமாறப் பார்க்கிறேன் என்று பட்டது. வீடே கண்ணை மூடிக் காத்திருக்கிறது. "சரீர சுகத்துக்காகவும், பியூலாவின் சரீர சுகத்துக்காகவும், இந்த வீட்டார் எல்லாருக்காகவும்" என்று எப்படியோ ஓட்டி ஆமென் சொல்லி முடித்தேன்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது பியூலா வாசல் வரை வந்தாள். "ஐயா, 'சரீர'ன்னு சொல்லிட்டு ஏன் நின்னிய?"

"நீ கண்ணை மூடலியா?"

"மூடித்தான் இருந்தேன். நீங்க நின்னதும் தொறந்துட்டேன்."

கணக்கு டீச்சர் இல்லையா! விடுபட்டது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. "வேற ஒரு யோசனை வந்துட்டும்மா" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் நம்பவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்கு நான் எந்த வீட்டு ரகசியத்தையும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அன்று மட்டும் எதிரே வந்து உட்கார்ந்தாள். "என்ன விஷயம்னு சொல்லண்டாம். ரெண்டு நாளா உங்க முழி சரியில்ல. யாரோ எதையோ உங்ககிட்டக் குடுத்து வச்சிருக்காவ, அதானே? ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அது குடுத்தவிய சொந்தச் சாமானா, இல்ல அவியளே வேற யார்ட்டயோ எடுத்துட்டு வந்து குடுத்ததா?"

தம்பி, எனக்குச் சுருக்கென்றது. வலிப்பு சாமுக்கு. ரகசியமும் சாமுடையது. நான் இரண்டு நாளாக அந்தத் தாயையும் இந்தப் பெண்ணையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொந்தக்காரனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஏமாற்றுகிறவன் என்று நானே முடிவுகட்டி ஒதுக்கிவைத்திருந்தேன்.

மறுநாள் காலையிலேயே டீச்சர் வீட்டுக்குப் போனேன். கொடுத்த வாக்கை நானாக அவிழ்க்கக்கூடாது, வாங்கியவரிடம் போய்த்தான் அவிழ்க்கச் சொல்ல வேண்டும். "டீச்சர், பொண்ணு வீட்டுக்கு நான் போகப்போறதில்ல. சாம் லீவுல வந்திருக்கான்லா, அவன்ட்ட இதைப் பத்திப் பேசணும். நீங்க சரின்னாத்தான் பேசுவேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "அவன்ட்ட எதுக்கு ஐயா? என்ட்ட ஜெபிக்கேன்னுதானே சொன்னிய?"

"ஜெபிச்சதுனாலதான் வந்திருக்கேன்."

அழுதார். பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். நான் எழுந்திருக்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "அவன்ட்ட மட்டும்னா பேசுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது, என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

சாமைக் கோயில் வளாகத்துக்கு வரச்சொன்னேன். உள்ளபடி சொன்னால், ஒரு பிரசங்கத்தையே தயார் செய்து வைத்திருந்தேன். உண்மை, உடன்படிக்கை, ஒரு பெண்ணின் நம்பிக்கை, எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். அவன் பைக்கை நிறுத்திவிட்டு, "தோத்திரம் ஐயா" என்று சிரித்துக்கொண்டு வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பிரசங்கத்தைத் தள்ளிவைத்து ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, உன் மாத்திரையப் பத்திப் பியூலாட்டப் பேசியிருக்கியா?"

எனக்கு எப்படித் தெரியும் என்றுகூட அவன் கேட்கவில்லை. "தனியாப் பேசல ஐயா. தெரிஞ்சுதானே சம்மதிச்சிருக்கா, அதைப் போய்த் திரும்பத் திரும்பப் பேசணுமான்னு விட்டுட்டேன்" என்றான்.

"தெரியும்னு யார் சொன்னா?"

"அம்மாதான். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லியாச்சுன்னாவ. இதுக்கு முன்னால ரெண்டு இடத்துல நானே சொன்னேன் ஐயா. ரெண்டு இடத்துலயும் காப்பி ஆறுறதுக்குள்ள எந்திரிச்சுட்டாவ. அதான் இந்தத் தடவை நான் பேசிக்கிடுதேன், நீ வாயத் தொறக்காதன்னுட்டாவ." கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டான். "எல்லாம் தெரிஞ்சும் சரின்னு சொன்ன மொத ஆளு அவதான் ஐயா."

இவனையா ஏமாற்றுக்காரன் என்று நினைத்தேன்! பையப் பைய, சுற்றி வளைக்காமல், உள்ளதைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது தம்பி. அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அம்மா மேல் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது வேறு. "அப்ப அவ சரின்னு சொன்னது எனக்கு இல்ல, இல்லையா ஐயா? வேற யாருக்கோ சொல்லியிருக்கா."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் அவனே, "நானே சொல்லுதேன். உங்க வீட்டுல வச்சுச் சொல்லவா?" என்றான்.

அவன் மாட்டேன் என்றிருந்தால் என்ன செய்திருப்பீர் என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நானும் அதை யோசித்திருக்கிறேன். மூன்றாம் ஓலையை வாசித்திருக்கமாட்டேன், ஏன் என்று வாயையும் திறந்திருக்கமாட்டேன். ஊர் ஆயிரம் கதை கட்டியிருக்கும், இரண்டு வீட்டுக்கும் அவமானம் வந்திருக்கும். அது சரியாக இருந்திருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு பியூலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி அவளுக்கும் முன்பே வந்து காத்திருந்த சாமுக்கும் காப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க என்ன அங்கன நிக்கிய? வாங்க இங்கன." அடுக்களையில் நின்றுகொண்டு எவ்வளவு காதைத் தீட்டினாலும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் குரல் முனகுவது மட்டும் தெரிந்தது. என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே, "நகத்தக் கடிக்காதிய" என்றாள்.

பியூலா அடுக்களைக்கே வந்தாள். கண் சிவந்திருந்தது. "ஐயா, அன்னைக்கு ஜெபத்துல நின்னது இதுக்குத்தானா?"

"ஆமாம்மா."

"நல்லவேளை நின்னிய. அந்தக் கூட்டத்துல அப்படித் தெரிஞ்சிருந்தா இவர் மூஞ்சியக்கூடப் பாத்திருக்கமாட்டேன்." பிறகு கோபம் வந்துவிட்டது. "அவிய அம்மா எங்க அப்பாட்ட மறைச்சாவ, இவர் எங்கிட்டப் பேசண்டாம்னு இருந்துட்டாரு, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. கட்டிக்கப்போறது நான். என்னைய ஒருத்தர்கூடக் கேக்கல!"

அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு, வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணம் உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. சாமும் கேட்கவில்லை. காப்பி அப்படியே இருந்தது.

சனிக்கிழமை அண்ணாச்சி வந்தார். நடையிலேயே தெரிந்தது. "ஐயா, நாளைக்கு அந்த ஓலைய வாசிக்கப்பிடாது. எம் பிள்ளையக் குழியில தள்ளப் பாத்துட்டாவ. நீங்களும் தெரிஞ்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கிய!"

"பியூலா என்ன சொல்லுதா அண்ணாச்சி?"

"அவ என்னத்தச் சொல்ல? அவ சின்னப்பிள்ள."

"பத்தாங்கிளாசுப் பிள்ளைகள மேய்க்கா, சின்னப்பிள்ளையா? அவகிட்டக் கேட்டியளா?"

அவர் வாசலைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அவ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, வாசிக்கமாட்டேன். யார் மேலயும் பழி வராமப் பாத்துக்கிடுதேன். அவ வாசிக்கச் சொன்னா வாசிப்பேன். தடைன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா சபையில எந்திரிச்சுச் சொல்லுங்க. அதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு."

"எந்திரிக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்த பிறகும் எனக்குத் தகவல் இல்லை. அங்கி போட்டுக்கொண்டிருக்கும்போது பியூலா வந்தாள். இரவு தூங்கியவள் மாதிரி இல்லை. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"வாசிங்க ஐயா. நேத்து முழுக்க அவர்ட்ட போன்ல கேட்டுட்டேன். எப்ப வந்துச்சு, எங்க வந்துச்சு, என்ன மாத்திரை, எல்லாம். ஒண்ணையும் மறைக்கல. எனக்குச் சரின்னு படுது." கதவுவரை போய்த் திரும்பினாள். "ஒரு உதவி. தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு கேட்டுட்டு உடனே பாட்டுக்குப் போயிராதிய. கொஞ்சம் பொறுங்க. எங்கப்பாவுக்கு எந்திரிக்கணும்னா அவிய எந்திரிக்கட்டும். நானும் அங்கனதான் இருப்பேன்."

என்ன பிள்ளை என்கிறேன்!

மூன்றாம் ஓலையை வாசித்தேன். கேள்வியைக் கேட்டேன். நிறுத்தினேன். சபையார் நான் இடம் தவறிவிட்டதாக நினைத்திருப்பார்கள். ஆராதனையில் எனக்குத் துணை நிற்கிற உபதேசியார் எனக்கு உதவுவதற்காகப் பாட்டு எண்ணை முணுமுணுத்தார். நான் அசையவில்லை. ஆண்கள் பக்கம் அண்ணாச்சி முன்பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை இறுகியது, உடம்பு கொஞ்சம் மேலே வந்தது. பெண்கள் பக்கத்தில் பியூலா தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. கடைசி பெஞ்சில் டீச்சர் முகத்தை முந்தானையில் புதைத்திருந்தார். அவர் பக்கத்து வரிசையில் சாம் தலை குனியாமல் உட்கார்ந்திருந்தான்.

அண்ணாச்சி எழவில்லை. அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசைதான். ஆனால் அதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. பாட்டு எண்ணைச் சொன்னேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே சாமை நோக்கிப் போகிறார். கைகலப்பு வந்துவிடுமோ என்று அங்கியோடேயே ஓடினேன். டீச்சர் மகனுக்கு முன்னால் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "உங்கட்ட நான் பெறவு பேசிக்கிடுதேன் டீச்சர்" என்று அவரை ஒதுக்கினார் அண்ணாச்சி. குரலில் கோபம் இன்னும் இருந்தது. சாமைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம் மாப்பிள்ளே, அது வந்துச்சுன்னா கையில சாவி கீவி எதும் குடுக்கணுமா?"

"சாவியெல்லாம் வேண்டாம் மாமா. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு, தெளியுத வரைக்கும் பக்கத்துல யாராவது இருந்தாப் போதும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "அதுக்கு நாங்க இருக்கோம்லா" என்றார்.